கோபுரத்தைக் கண்டால் எஞ்சினை அணைப்பவர்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பக்தி உண்டு. ஒன்று சாமி மேல், இன்னொன்று மிச்சம் பிடிப்பதன் மேல். இரண்டையும் ஒரே காரியத்தில் முடித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

காஞ்சிபுரத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் கோயிலைத் தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இவருக்கு அது போதாது. கோபுரம் கண்ணில் பட்டதும் எஞ்சினையே நிறுத்திவிடுவார். வண்டி சத்தமில்லாமல் தன் வேகத்திலேயே உருண்டு கோயிலைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார், எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி பிடித்துக்கொள்ளும். "சாமி முன்னாடி உறுமிக்கினு போவக் கூடாதும்மா. புண்ணியத்துக்குப் புண்ணியம், டீசலுக்கு டீசல்" என்பார். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோபுரம் நிற்கும். ஆக, எங்கள் வண்டி ஊருக்குள் ஓடியதைவிட உருண்டதுதான் அதிகம். பாதியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். கட்டின பட்டுப்புடவையோடு நானும் தள்ளியிருக்கிறேன், எதிர்வீட்டுக்காரி பார்த்துச் சிரித்துமிருக்கிறாள்.

வண்டி என்று கௌரவமாகச் சொல்கிறேன். அது மிலிட்டரிக்காரர்கள் வேண்டாம் என்று ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு பழைய பிக்கப். எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறினபோது, ஊரில் பாதிப் பேர் செய்ததை இவரும் செய்தார். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பழைய டீசல் எஞ்சினை உள்ளே உட்கார வைத்தார். பரம்பரையாகத் தறிக்காரக் குடும்பம். குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இவருக்கு இடுப்பு வலி வருமாம். பிக்கப்பில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்தால் வராதாம். வாலாஜாபாத் மில்லிலிருந்து அரிசி மூட்டை, சாயப் பட்டறைக்குப் பட்டு நூல், முசரவாக்கம் பக்கத்திலிருந்து கத்திரிக்காய் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார்.

அந்த டீசல் எஞ்சினுக்கு மூச்சு போதவில்லை. மூட்டை ஏற்றிவிட்டால் மாட்டு வண்டியே கொஞ்சம் யோசித்துவிட்டு எங்களை முந்தும். வாலாஜாபாத் சாலையில் தினமும் காலையில் ஒரு பஸ் இவரைத் தாண்டிப் போகும். அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னாண்ணே, இறங்கித் தள்ளவா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தினமும் அதே கேள்வி. இவரும் தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் அதை என்னிடம் சொல்லிப் பொருமுவார். சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த பஸ்ஸ முந்திக் காட்டல, நான் இன்னா ஆம்பளை" என்பார். ஆம்பளைத்தனத்துக்குப் பல அளவுகோல் கேள்விப்பட்டிருக்கிறேன், பஸ்ஸை வைத்து அளந்தவர் இவர் ஒருவர்தான்.

அவருக்கு வேண்டியது அது. எனக்கு வேண்டியது வேறு. கல்யாணத்துக்கு முன்னாலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், நல்ல மார்க். டீச்சர் ட்ரெயினிங்கில் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று சும்மா சொல்லவில்லை, ராப்பகலாக அதே நினைப்பு. ஜரிகை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட மனசுக்குள் பாடம் நடத்துவேன். மாமியாரைக் கெஞ்சி, இவரைக் கெஞ்சி, மனுப் போட அனுமதி வாங்கினேன். "போட்டுட்டுப் போவட்டும், கிடைச்சாத்தானே" என்று அத்தை சொன்னதுதான் அந்த அனுமதி. செங்கல்பட்டிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தபோது அத்தை அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அசல் சான்றிதழ்களோடு காலை பத்து மணிக்குள் நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் அச்சடித்திருந்தது. எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கார்டு வந்த அதே வாரத்தில்தான் டர்போவும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பிக்கப்பைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் தகரக் கொட்டகை. கையில் ஸ்பேனரைவிட பீடிதான் அதிக நேரம் இருக்கும். இவர் பஸ் கதையைச் சொல்லி அழுததும், மெக்கானிக் மெட்ராஸ் போய் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடி, டர்போ என்று ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். ஏதோ அணைக்கட்டு வேலையில் மண் தள்ளின புல்டோசரிலிருந்து கழற்றினதாம். பார்க்க இரும்பில் செய்த பெரிய நத்தை. ஒரு பக்கம் ஒரு விசிறி, மறுபக்கம் ஒரு விசிறி, நடுவில் இரண்டையும் சேர்க்கிற ஒரு தண்டு.

"எஞ்சின்ல இருந்து புகை வெளியே போவுதில்ல, அது இந்த விசிறியச் சுத்தும். இது சுத்தினா அந்தப் பக்கத்து விசிறி காத்த இழுத்து எஞ்சினுக்குள்ள தள்ளும். அவ்ளோதாண்ணே, எஞ்சின் பிச்சிக்கும்" என்று விளக்கினார் மெக்கானிக்.

"அதுக்குத் தனியா டீசல்?" என்றார் இவர்.

"வெளியே வீணாப் போற புகைதான்பா. ஓசி."

ஓசி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் சொன்னேனே அந்தக் களை, அது வந்துவிட்டது. அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த அந்த ஏகாம்பரநாதராலும் முடியாது.

மாட்டுகிற வேலை எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது, கொட்டகையில் மாட்டினால் கூலி அதிகமாம். நத்தை இருக்கிறது, அதை எஞ்சினோடு சேர்க்கிற பைப் இல்லை. புதுசாகச் செய்தால் செலவு. இவர் வீட்டுக்குள் வந்து நாலு பக்கமும் பார்த்தார். என் சீர்வரிசையில் வந்த செம்புத் தவலை மூலையில் இருந்தது. "சும்மாத்தானே கிடக்குது" என்றார். அது சும்மா கிடக்கவில்லை, அதில் குடிதண்ணீர் இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு பாத்திரக்காரரிடம் போனார். திரும்பி வரும்போது அதன் கழுத்தும் வயிறும் வளைந்த குழாயாக மாறியிருந்தன. அகலமான வாய், காற்று உள்ளே போகிற வாயாக வண்டியின் முன்பக்கம் நின்றது. காற்றை வடிகட்ட ஃபில்டர் வேண்டுமே என்றார் மெக்கானிக். பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை வாயில் கட்டினார் இவர். ஃபில்டர் முடிந்தது.

அடுத்தது இணைப்புகள். சூடு தாங்குகிற கயிறு சுற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். தறிக்காரன் வீட்டில் கயிறு காசு கொடுத்தா வாங்குவது? "பட்டுக்கு மேல பலம் எதுக்குப்பா இருக்குது? எங்க தாத்தா பட்டு நூல்ல தேரே இழுக்கலாம்னு சொல்வாரு" என்று கழிவுப் பட்டு நூலை முறுக்கி, வஜ்ரப்பசையில் தோய்த்து, இணைப்புக்கு இணைப்பு சுற்றினார். சுற்றினது அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். எஞ்சினை முதல் தடவை ஓட விட்டதும் தெருவெல்லாம் முடி கருகுகிற நாற்றம். பட்டு எரிந்தால் முடி நாற்றம்தான் வரும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும், போலிப் பட்டைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்கிற சோதனையே அதுதான். "நல்ல பட்டுதான்" என்றார் இவர் திருப்தியாக. அப்புறம் மெக்கானிக் எங்கிருந்தோ சரியான கயிற்றைக் கொண்டுவந்து மாற்றினார்.

இதற்கு நடுவில் மெக்கானிக் ஒரு விஷயம் சொன்னார். புதுப்பேட்டைக் கடைக்காரர் அவரிடம் சொல்லி அனுப்பியதாம். "விரட்டி ஓட்டிட்டு வந்து பட்டுனு ஆஃப் பண்ணக் கூடாதுண்ணே. எஞ்சின் நின்னா ஆயில் வராது. ஆனா உள்ள விசிறி தலைதெறிக்கச் சுத்திக்கினே இருக்கும், கொதிக்கிற சூடு வேற. காஞ்சிப் போயி தண்டு தேஞ்சிடும். வண்டிய நிறுத்தி ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டு அப்புறமா ஆஃப் பண்ணணும்."

இவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். ஒரு விதி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், விரதம் மாதிரி பிடித்துக்கொள்வார். அன்றிலிருந்து வீட்டு வாசலில் வந்து நின்றால், காப்பி குடித்து முடிக்கும் வரைக்கும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் காலையில்தான் பாவு விரிப்பார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். எதிர்வீட்டுக்காரி வெள்ளைப் பாவு விரித்திருந்த ஒரு நாள், எங்கள் வண்டி ரெண்டு நிமிஷம் அதன் மேல் புகை விட்டது. அவள் வெளியே வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். அப்புறம் அவள் எங்கள் பரம்பரை முழுவதையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டு விசாரித்தாள். "விதிம்மா, ரெண்டு நிமிஷம்" என்று இவர் உள்ளே உட்கார்ந்தபடியே காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஊருக்குள் போகும்போது? கோபுரத்தைக் கண்டதும் பழையபடி எஞ்சினை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன்.

"ஏங்க, உடனே ஆஃப் பண்ணக் கூடாதுன்னு அவரு சொன்னாரே?"

"அது வண்டிய நிறுத்தும்போதும்மா. நான் எங்க வண்டிய நிறுத்தினேன்? இது சாமிக்கு."

"எஞ்சினுக்கு அது தெரியுமா?"

"சாமிக்குத் தெரியும்" என்றார்.

ஊருக்குள் வேகமாகப் போக வழியில்லாததால் டர்போ அவ்வளவாகச் சூடாகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததைக் காட்டி, "பாத்தியா, சாமி காப்பாத்துது" என்றார்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள், காலை பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னேன். அந்த பஸ்ஸேதான், கண்டக்டர் படியில் தொங்குகிற அதே பஸ். ஒன்பது மணிக்கெல்லாம் செங்கல்பட்டில் விட்டுவிடும். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஊட்ல வண்டிய வெச்சிக்கினு, அதுலயும் அந்த பஸ்ல, என் பொண்டாட்டி போவுறதா? நாளைக்கு நான் கூட்டிக்கினு போறேன். அந்த பஸ்ஸ முந்தி உன்ன இறக்கிவுடறேன் பாரு."

வேண்டாம் என்றேன். இன்னொரு நாள் முந்திக்கொள்ளுங்கள் என்றேன். இது என் பிழைப்புங்க, விளையாடாதீங்க என்றுகூடச் சொன்னேன். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி நல்லாத்தான் ஓடும்" என்றார் அத்தை. அதுவரைக்கும் என் இன்டர்வியூவை நல்ல காரியம் என்று அத்தை சொன்னதே இல்லை. நான் போய்ச் சான்றிதழ்களை எடுத்துப் பையில் வைத்தேன்.

காலையில் தோளில் பட்டுக்கரை போட்ட புதுத் துண்டோடு வந்தார், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி. நான் மடியில் மஞ்சப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதில் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், நன்னடத்தைச் சான்றிதழ், இன்டர்வியூ கார்டு. வழிக்கு இரண்டு வாழைப்பழம்.

பஸ் முதலில் கிளம்பட்டும் என்று காத்திருந்தார். முந்த வேண்டுமானால் முன்னால் ஏதாவது போக வேண்டுமே. ஊர் தாண்டியதும் புளியமரச் சாலையில் அழுத்தினார். ஐயோ, அந்த வண்டிக்குள் அப்படி ஒரு வேகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. முன்னால் என் தவலை 'ஊ' என்று ஒரே ராகத்தில் ஊதியது. கதவு ஆடியது, என் பல் ஆடியது. வாலாஜாபாத் தாண்டி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பக்கவாட்டில் ஏறிப் போகும்போது கண்டக்டர் படியிலிருந்து வாயைப் பிளந்து பார்த்தார். இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா தம்பி, இறங்கித் தள்ளவா?" என்றார். எத்தனை நாளாக இந்த வாக்கியத்தை மனசுக்குள் நெய்து வைத்திருந்தாரோ. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த நிமிஷம் சிரிப்பு வந்தது, ஒரு பெருமைகூட வந்தது.

பஸ்ஸை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, எஞ்சின் கொதிக்கக் கொதிக்கப் பழையசீவரம் வந்து சேர்ந்தோம். மலைமேல் பெருமாள் கோயில். எங்கள் குடும்பம் சைவம்தான். ஆனாலும் எஞ்சினை அணைக்கிற விஷயத்தில் இவர் சிவன், பெருமாள் பேதம் பார்ப்பதில்லை. அதே வேகத்தில் பட்டென்று அணைத்தார். முன்னால் நத்தை மட்டும் தன்பாட்டுக்குக் கிறீச்சிட்டுச் சுற்றுவது எனக்கே கேட்டது.

"ஏங்க, அது கத்துதுங்க."

"ஸ்ஸ், கும்புடு."

உருண்டு முடித்து, கியரைப் போட்டு மறுபடி பிடிக்க வைத்தார். பிடித்த கையோடு ஒரு அழுத்து அழுத்தினார், கொஞ்ச தூரம்தான், திரும்பவும் அணைத்தார். இங்கே எந்தக் கோயில் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"திருமுக்கூடல்."

"ஆத்துக்கு அக்கரையில இருக்கிற கோயிலுக்குமா?"

"மூணு ஆறு கூடுற எடம்மா. அணைக்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

இந்தத் தடவை கியரைப் போட்டபோது எஞ்சின் குலுங்கவில்லை. அலறியது. அவர் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டார், அலறல் குறையவில்லை, கூடியது. பின்னாலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை, சாலையே தெரியவில்லை. கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து வண்டியை ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்தினார். எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சினை நிறுத்துகிற கம்பியை இழுத்தார், நிற்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், கம்பி கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோயிலுக்குக் கோயில் எஞ்சினை அணைத்தவருக்கு ஒரு தடவை அணைக்க முடியவில்லை.

என்ன நடந்தது என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தண்டு ஆயில் இல்லாமல் தேய்ந்து, அதன் அடைப்பு போய், தண்டுக்கு வருகிற ஆயிலெல்லாம் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய்விட்டது. டீசல் எஞ்சினுக்கு டீசலும் ஒன்றுதான், ஆயிலும் ஒன்றுதான். டீசலை நிறுத்தினாலும் அது தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு ஓடும். வெடிக்கிற வரைக்கும் ஓடும்.

நாங்கள் இரண்டு பேரும் கீழே குதித்துவிட்டோம். பையை நான் விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு லாரி டிரைவர் டம்ளரோடு எழுந்து நின்று கத்தினார்.

"காத்து போற வாய அடைப்பா. எதையாவது வெச்சு அடை."

இவர் என் தவலை வாயைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பையைப் பிடித்தார். நான் விடாமல் இழுத்தேன்.

"அதுல என் புத்தகம் இருக்குதுங்க. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த அலறலிலும் அவருக்குக் கேட்டது. கேட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் தலையை ஆட்டினார். தலையை ஆட்டிக்கொண்டே ஒரு வெடுக்கில் பிடுங்கி, ஓடிப்போய், கொசுவலையைக் கிழித்துவிட்டுத் தவலை வாயில் வைத்து அழுத்தினார்.

பை ஒரே இழுப்பில் பாதி உள்ளே போனது. உள்ளே விசிறி எதையோ கடிப்பது கேட்டது. எஞ்சின் ஒரு முறை முனகி, இருமி, நின்றது. அவர் தோளில் அந்தப் பட்டுக்கரைத் துண்டு மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. புகையைப் பார்த்து நின்றது, பாதி ஜனம் இறங்கி வேடிக்கை பார்த்தது. லாரி டிரைவர் இவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். கண்டக்டர்கூட, "இன்னாண்ணே, சமயத்துல நல்லா மூளை வேலை செஞ்சுது உனக்கு" என்றார். இவர் வெட்கப்பட்டு நின்றார். நான் தவலைக்குள் கையை விட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆயிலில் ஊறின அட்டை வந்தது, மார்க் போட்ட பக்கத்தில் பாதி வந்தது. வாழைப்பழமும் அதோடு கலந்து வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கம்பியைப் பிடுங்கி அவர் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது.

"போயிட்டு வாம்மா, நான் வண்டிய பாத்துக்கறேன்" என்றார். பெருந்தன்மை.

அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போனேன். கண்டக்டர் எனக்கு உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார், டிக்கெட்டும் கொடுத்தார், வழியெல்லாம் பின்சீட்டுக்காரர்களிடம் இவர் புகழைப் பாடிக்கொண்டே வந்தார். பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். நேரத்தில் ஒரு குறையும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையிலிருந்ததை நுனிவிரலால் வாங்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

சொன்னேன். கோயில், டர்போ, தவலை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நல்ல மனுஷிதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசல் இல்லாமல் சேர்த்துக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை, நகல் வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் மனுப் போடு என்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போகும்போது புடவையில் எண்ணெய் படாமல் ஒதுங்கிப் போனாள்.

நகல் வருவதற்குள் அடுத்த வருஷமும் வந்துவிட்டது. அதற்குள் என் வயிற்றில் பெண் இருந்தாள். அதற்கடுத்த வருஷம் குழந்தைக்குப் பால்குடி, அதற்கடுத்த வருஷம் அத்தைக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் வயது வரம்பு தாண்டிவிட்டது என்று கார்டே வரவில்லை. நான் ஜரிகை பிரித்தேன். மனசுக்குள் பாடம் நடத்துவதை எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

இன்டர்வியூ அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம். நடுவில் இவர், கையில் அந்தக் கம்பி. கதை ஏற்கெனவே முழுசாக நெய்து முடிந்திருந்தது. பஸ்ஸை முந்தினது, எஞ்சின் பேய் பிடித்து ஓடினது, ஊரே ஓடி ஒளிந்தபோது இவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திப் போய் அடைத்தது. எதிர்வீட்டுக்காரிகூட வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டர்போவைப் புதுப்பேட்டைக்கே திருப்பி அனுப்பினார்கள், அங்கே யாராவது அடுத்த அதிர்ஷ்டசாலி வாங்கியிருப்பார். பிக்கப்பை விற்றாயிற்று. கதை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று நாலு பேர் கூடினால் இவர் அதை எடுத்து விரித்துவிடுவார். வருஷத்துக்கு வருஷம் புகை அதிகமாகும், பஸ் இன்னும் வேகமாக ஓடும். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

எங்கள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோதும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்தான், இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஆமா, அந்தப் பையில இன்னா இருந்துது?"

இவர் கொஞ்சம் யோசித்தார். நெற்றியைச் சொறிந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா இருந்துது அதுல? வாழப்பழமா?"

தட்டோடு நின்றிருந்தேன். என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது, டீச்சர் ட்ரெயினிங் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். குரல் நடுங்காமல்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த டீச்சரம்மா என் முகத்தையே பார்த்தார்.

இவருக்கு உண்மையிலேயே வருத்தமாகப் போய்விட்டது. நடிப்பில்லை, எனக்கு அவரைத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"அடடா. அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற எதயாவது வெச்சு அடைச்சிருப்பேனேம்மா."